ஸ்டெப்னிக்கு ஒரு பந்து

கையுறையின் உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பார். ஈரம் இருந்தால்தான் பந்து நிற்கும் என்பது அவர் கட்சி. சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக உள்ளே தள்ளி, மணிக்கட்டுப் பட்டையைப் பல்லால் இழுத்து ஒட்டுவார். எல்லாம் முடிந்ததும் பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். ஆட்டம் முடியும்வரை அங்கேதான்.

பஸ் டிப்போ கால்பந்து அணியின் மாற்று கோல்கீப்பர் அவர். மற்ற நேரத்தில் அதே டிப்போவில் உதிரிபாக ஸ்டோரைப் பார்த்துக்கொள்வார். ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் ஸ்டெப்னி, அதாவது உதிரி டயர். அந்தச் சொல்லுக்கு வேறொரு அர்த்தமும் உண்டென்பதால் அவர் மனைவிக்கு அது அறவே பிடிக்காது. முதல் கோல்கீப்பரையும் பிடிக்காது. அந்த ஆளுக்குச் சளிகூடப் பிடித்ததில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவளுக்கு, அப்படியொரு மனிதன் குடும்பத்துக்கும் விரோதி, தொழிலுக்கும் விரோதி.

இறங்கவே போவதில்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு சாயங்காலமும் பின்சுவரில் பந்தை அடித்துப் பிடித்துப் பழகுவார். பக்கத்து வீட்டுக்காரர் மறுபக்கமிருந்து சுவரைத் தட்டினால் அன்றைய பயிற்சி முடிந்தது. பெஞ்சில் ஒருநாளும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. "சாஞ்சா உடம்பு வீட்டுக்குப் போயிடும்" என்பார்.

வீட்டிலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். கரண்ட் பில், வீட்டு ஓனர், மகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் மனைவியே முன்னால் நின்று தடுத்துவிடுவாள். அவர் தயாராக இருப்பார்.

அணியிலிருந்து அவர் ஓய்வு பெறும் கடைசி ஆட்டத்துக்கு முந்தின வாரம், மகள் கணக்கில் ஃபெயிலாகி வந்தாள். பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதம்மா. பாவம், கடைசி மேட்ச்."

"நான் ஏன்டி சொல்றேன்? எப்பவும் போல நானே பாத்துக்கறேன்."

அந்த ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிஷம் அவரை இறக்குவதாக கோச் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் முதல்முறையாக மனைவியையும் மகளையும் வரச் சொன்னார். "ஒரு பந்து பிடிக்கிறத பாப்பா பாக்கணும்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான் என்று மனைவிக்குத் தோன்றியது. கடையில் லீவு சொன்னாள்.

கோச் சொன்னபடியே இறக்கினார். டிப்போ அணி மூன்று கோல் முன்னால் இருந்தது. ஸ்டெப்னி குதித்து மேல் கம்பத்தைத் தொட்டார். முழங்காலை மடக்கி, கைகளை விரித்து நின்றார்.

பந்து வரவில்லை. எதிரணி நடுக்கோட்டைத் தாண்டியதுமே தடுப்பாட்டக்காரர்கள் நாலு பேரும் வெல்லத்தில் எறும்பு மொய்ப்பதுபோல் மொய்த்துவிட்டார்கள். ஒருமுறை பந்து தானாகவே, குழந்தை தவழ்வதுபோல் அவரை நோக்கி உருண்டு வந்தது. அவர் குனிந்தார். குண்டு கேப்டன் எங்கிருந்தோ ஓடிவந்து அதை ரோட்டுக்கே உதைத்துத் தள்ளினான்.

"அந்தத் தடியனுக்கு என்ன கேடு? விட்டாத்தான் என்னவாம்?" என்று மனைவி எழுந்து நின்று கத்தினாள்.

"உக்காரும்மா, மானம் போகுது."

விசில் அடித்தாகிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் எல்லோருக்கும் கை கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும், பந்தே படாத கையுறையைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் போட்டார்.

"பந்தே வரலையேப்பா" என்றாள் மகள்.

"வரல. வந்திருந்தா ரெடியா இருந்தேன்ல?"

"நடுவுல ஒரு தடவ கீழ விழுந்து எந்திரிச்சீங்களே, அது எதுக்கு?"

"வார்ம்-அப்."

"மேட்ச் முடியப்போற நேரத்துலயா?"

மனைவி கொடியில் சொட்டிக்கொண்டிருந்த கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று, "என்னங்க, இவ கணக்குல போயிட்டா. நாளைக்கு ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காங்க. நீங்க போங்களேன்" என்றாள்.

மகள், "அம்மா!" என்று பல்லைக் கடித்தாள்.

அவர் கேட்டது ஒன்றுதான். "எத்தன மணிக்கு?"

மறுநாள் கேட் திறப்பதற்கு முன்பே போய் நின்று வாட்ச்மேனிடம் திட்டு வாங்கினார். டீச்சர் திட்டியதை நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்து கேட்டார். எதில் தடுமாறுகிறாள் என்று விசாரித்தார். பின்னங்களில் என்றார்கள். அவருக்கும் பின்னம் தெரியாது. அதைச் சொல்ல அவர் வெட்கப்படவும் இல்லை. பந்து அடித்த நேரத்தில் இப்போது மகளோடு மேஜை ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவருக்குப் புரியும்வரை விடமாட்டார். போட்ட கணக்கையே திரும்பப் போடச் சொன்னார். சில நாள் அழுகை, சில நாள் கதவைச் சாத்தல். அடுத்த நாள் அதே நேரத்துக்கு மேஜையில் அவர் இருப்பார். சுவர்ச் சத்தம் நின்றுபோனதால், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

மகள் பாஸானாள். ஊரைக் கூட்டிச் சொல்லும்படியான மார்க் இல்லை.

அதற்கும் பிறகு ஒருநாள் குண்டு கேப்டன் முட்டிவலிக்கு மருந்து வாங்க மனைவியின் கடைக்கு வந்தான்.

"எப்படி அண்ணி, அன்னிக்கு அண்ணன பத்திரமா பாத்துக்கிட்டோமா? குடும்பத்துக்கு முன்னாடி அவர் ஒரு கோல்கூட வாங்கிடக் கூடாதுன்னு நாங்க நாலு பேரும் முன்னாடியே பேசி வச்சுட்டோம். அவர் கிட்ட ஒரு பந்தக்கூட விடல" என்றான்.