துளசி பிடித்த துரோகி

என் மனைவி துளசி, பாயான் பாரு பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருடமாகத் தரச் சோதனை செய்கிறாள். மைக்ராஸ்கோப்பில் அவள் கண்ணை வைத்துவிட்டால் மயிரிழை விரிசல்கூடத் தப்பாது. வீட்டிலும் அதே கண்தான். ஜுருவில் கார் உதிரிப் பாகங்கள் விற்கும் நான், மத்தியானம் எந்தக் கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டேன் என்பதைச் சட்டைக் கறையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். இப்படிப்பட்டவளை ஒரு வீடியோ கேம் கிட்டத்தட்ட ஏமாற்றிவிட்டது.

கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன எங்கள் மகள், தன் கேம் பெட்டியை ஜெலுத்தோங் வீட்டிலேயே விட்டுப் போயிருந்தாள். தூசு தட்டப் போன துளசி, இதில் என்னதான் இருக்கிறது என்று போட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தினமும் வேலை விட்டு வந்து சமையலை முடித்ததும், எட்டு மணிச் சாப்பாடு வரைக்கும் அவள் மாயராஜ்ஜியத்தில்தான் இருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து இலவச ஆலோசனை சொல்வேன்.

கதை இதுதான். மணிமுடி ஒன்றை மலைக்கோட்டைக்குக் கொண்டுபோகிறது ஒரு கூட்டம். கூட்டத்தில் ஒரு ஆள் எதிரியின் உளவாளி. கோட்டை வாசலை அடைந்ததும் யார் அந்தத் துரோகி என்று நாம் ஒரு பெயரைச் சொல்லவேண்டும். சொன்ன ஆளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே ஓநாய்ப் படை காத்திருக்கிறது. தப்பாகச் சொல்லிவிட்டால் மாற்ற முடியாது, அந்த ஆள் செத்ததுதான்.

எனக்கு முதல் நாளே ஈரா என்ற வில்லாளிப் பெண்மேல் சந்தேகம். பொழுது சாய்ந்தால் காணாமல் போவாள். கேட்டால் வெடுக்கென்று பேசுவாள்.

“இவதான்லா. மூஞ்சியப் பாரு.”

“மூஞ்சியப் பாத்து ரிஜெக்ட் பண்ணக்கூடாதுங்க,” என்றாள் துளசி.

ஈரா பேசுவது எங்கள் மகள் பேசுகிற மாதிரியே இருக்கும். துளசி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்ணை ஓநாய்க்குக் கொடுக்க அவளுக்கு மனசே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். கூட்டம் தங்கும் ஒவ்வொரு முகாமிலும் யார் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று தொழிற்சாலைப் பதிவேடு மாதிரியே எழுதினாள். சந்தேகம் தீர்ந்தவர் பெயரை அடித்துக்கொண்டே வந்தாள். முதலில் அடிபட்ட பெயர் சமையல்காரன் பொர்வினுடையது. தொந்தியும் சிரிப்புமாக எல்லாருக்கும் பரிமாறுகிற மனுஷன், அவனை யார் சந்தேகப்படுவார்? பிறகு மந்திரவாதி, வைத்தியச்சி, காவல் வீரன் என்று ஒவ்வொருவராக அடிபட்டுப்போக, மிஞ்சியது ஈரா மட்டும்தான்.

“நான்தான் அப்பவே சொன்னேனே,” என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இரண்டு நாள் அவள் கேமையும் தொடவில்லை, என்னோடும் சரியாகப் பேசவில்லை.

துளசிக்கு அடுத்த மைக்ராஸ்கோப்பில் உட்காருகிறவள் காமாரியா. கேண்டீனில் இந்தக் கதையைத் தினமும் நாடகம் மாதிரிக் கேட்டுவந்த மலாய்க்காரத் தோழி. புதன்கிழமை அவள், அந்தச் சமையல்காரன் எப்போது சாப்பிடுகிறான் என்று கேட்டிருக்கிறாள். எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுவான் என்றிருக்கிறாள் துளசி. எங்கள் வீட்டில் சமைத்தவரும் கூடவேதான் உட்காருவார், அவன் சாப்பிட்டதை நீ பார்த்தாயா என்று மறுபடி கேட்டாளாம் காமாரியா.

அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் துளசி நோட்டை எடுத்தாள். முப்பத்தொரு முகாம். முப்பத்தொரு இடத்திலும் ‘பொர்வின் கடைசியில் சாப்பிட்டான்’ என்று அவள் கையெழுத்தில் இருந்தது. பழைய காட்சிகளைத் திரும்ப ஓடவிட்டாள். பொர்வின் தன் தட்டை எடுத்துக்கொண்டு மரங்களுக்குப் பின்னால் போகிறான். காலித் தட்டோடு திரும்பி வருகிறான். ஒரு கவளம் வாயில் வைத்ததாக எங்குமே இல்லை.

“பாக்காததப் பாத்ததா எழுதிட்டேங்க,” என்றாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது. தொழிற்சாலையில் சோதிக்காத மின்சுற்றுப் பலகைக்குச் சரி போட்ட ஆள்களை அவளே மேலதிகாரியிடம் பிடித்துக் கொடுத்திருக்கிறாள்.

“நானுந்தான் பக்கத்துல இருந்தேன். எனக்கும் வித்தியாசமாத் தோணலியே,” என்றேன்.

கோட்டை வாசல் வந்தது. பெயரைச் சொல்லும் நேரத்தில் அவள் விரல் தயங்கியது. அந்த மனுஷன் நிஜமாகவே மரத்துக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டிருந்தால்? கடைசியில் பொர்வின் பெயரை அழுத்தினாள். காவலர்கள் அவன் தட்டைப் பிடுங்கினார்கள். தட்டின் அடியில் இருந்த பொய்த் தகடு கழன்று, எதிரிக்கு எழுதிய சீட்டுகள் கொட்டின. ஈரா பிழைத்தாள். வழக்கம்போல ஒரு நன்றிகூடச் சொல்லாமல் கோட்டைக்குள் போனாள்.

“பாருங்க அவ திமிர,” என்று துளசி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷத்திலேயே எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது கேட்டாள்.

“நீங்க பாத்திருக்கீங்களா?”

“எத?”

“நான் சாப்பிடறத.”

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். சாப்பிடுவேன், கை கழுவுவேன், தொலைக்காட்சி முன்னால் போய் உட்காருவேன். எவ்வளவு யோசித்தும், இந்த வீட்டில் அவள் தட்டோடு உட்கார்ந்த ஒரு நாள்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து அதே நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தேன்.

“போங்க, நீங்க பாத்தா எனக்கு எறங்காது.”

நான் அசையவில்லை. அவள் போய் அடுப்படி ஜன்னலைத் திறந்தாள். என் காப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து மூடியைத் திருகினாள். குப்பென்று இறால் வாடை அடித்தது. பிளாச்சான் சம்பல், புளித்த இறாலும் மிளகாயும் அரைத்த துவையல். அந்த நாற்றம் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று கல்யாணமான புதிதில் சொன்னவன் நான். வரவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

“எத்தன வருசமா?”

“காமாரியா என் லைனுக்கு வந்ததுலேர்ந்து. பதினெட்டு வருசம் இருக்கும். அவதான் அரைச்சிக் குடுப்பா.”

ஒளித்துக்கூட வைக்கவில்லை. சோற்றில் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டாள். அவ்வளவு ருசித்துச் சாப்பிடுகிற முகம் அவளுக்கு இருப்பதே எனக்குத் தெரியாது.

“எனக்கும் கொஞ்சம் வை.”

“நாத்தம்னீங்க.”

“வைலா.”

நகத்தளவு எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். நக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கையை நீட்டினேன். அவள் பாட்டிலை மூடித் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

“இது எனக்கே வெள்ளிக்கிழமை வரைக்கும் காணாது. அடுத்த வாரம் ரெண்டு பாட்டிலாக் கேக்கறேன்.”