தோல் வார் போட்ட கிளை

எங்க வீட்டு வேப்பமரத்துல தெருப்பக்கமா நீண்டிருந்த பெரிய கிளை, போன மழைக்காத்துல ஒடிஞ்சு தொங்கிடுச்சு. காலையில கதவைத் தொறந்தா மூஞ்சிக்கு நேரா தலைகீழா தொங்குது. முழுசா விழுந்து தொலைஞ்சிருந்தாலும் நிம்மதி. கொஞ்சம் பட்டையும் நாரும் மட்டும் புடிச்சிட்டு நின்னுது. அதுக்குக் கீழதான் பக்கத்து வீட்டு பாயம்மா, நாங்க ஆபான்னு கூப்பிடறவங்க, அவங்க பேத்தி தினமும் அரபி வகுப்புக்குப் போவும்.

வெட்டிடலாம்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். மனுஷன் காதுலயே வாங்கல. சட்டைய மாட்டிக்கிட்டு, தோல் பதம் பண்ற டேனரிக்கு வேலைக்குக் கிளம்பிட்டாரு.

எனக்குக் காரணம் தெரியாதா இன்னா? அந்தக் கிளையிலதான் பாப்பாவுக்கு ஊஞ்சல் கட்டியிருந்தோம். எங்களுக்கு ஒரே பொண்ணு. ரெண்டாங்கிளாஸ் படிச்சிட்டிருந்தப்ப காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். பெட்டியிலதான் வீட்டுக்கு வந்தா.

அடுத்த வருஷம் அந்தக் கிளையில விரிசல் விட்டுச்சு. வேற யாராயிருந்தாலும் அப்பவே வெட்டியிருப்பாங்க. இவரு டேனரியிலர்ந்து பதம் பண்ணாத பச்சத்தோல்ல ஒரு நீள வாரைக் கொண்டாந்து, பக்கெட்டுல ஊறப்போட்டு, விரிசல் மேல சுத்திச்சுத்தி இறுக்கிக் கட்டினாரு. காயக்காய இறுகும், இரும்புப் பட்டை கூட இப்பிடி நிக்காதுன்னாரு. தோலோடயே பொழங்கின ஆளு, தோல் எதையும் புடிச்சி நிறுத்திடும்னு அவருக்கு நம்பிக்கை. நாத்தத்துல தெருவே மூக்கைப் பொத்திக்கிச்சு. நாய்ங்க மரத்தையே சுத்திச்சுத்தி வந்துச்சுங்க. பேஜாரா போச்சு எனக்கு. கத்தித் தீத்துட்டேன்.

வார் இறுகத்தான் செஞ்சுது. மரம் வளர வளர சதையில பதிஞ்சு, கிளையோட கழுத்தை நெரிச்சிடுச்சு. வாருக்கு அந்தாண்ட வருஷா வருஷம் எலை கம்மியாச்சு. இவரு எலையப் பாக்கல. வேலைக்குப் போறப்பவும் வர்றப்பவும் வாரைத்தான் பாப்பாரு, கெட்டியா இருக்குதான்னு. என் வாய் எதுக்கும் சும்மா இருக்காது, ஆனா இதை மட்டும் நான் அவருகிட்ட சொல்லவேயில்ல. எப்பிடிச் சொல்றது? இப்ப சரியா அந்த வார் ஓரத்துலதான் ஒடிஞ்சிருந்துச்சு.

அன்னிக்கு சாயங்காலம் நான் ஷூ கம்பெனி வேலை முடிஞ்சு வந்து கொடியில காஞ்ச துணிய எடுத்துட்டிருந்தேன். ஆபாவோட பேத்தி கிளைக்குக் கீழ நின்னுக்கிட்டு, தொங்குற கொத்தைப் புடிக்க எகிறி எகிறிக் குதிச்சிட்டிருந்துச்சு. நான் கத்துறதுக்குள்ள இவரு வண்டிய ரோட்டுலயே போட்டுட்டு ஓடியாந்து அந்தப் புள்ளைய வாரித் தூக்கிட்டாரு. அது பயந்து அழுதுச்சு. ஆபா கையில குடுத்துட்டு வந்து, செவுத்தைப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"உன் தம்பியை வரச் சொல்லு."

ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சதும் கணியம்பாடியிலர்ந்து என் தம்பி ரம்பத்தோட வந்தான். தெருவுக்கு ரெண்டு பக்கமும் கட்டிலப் போட்டு அடைச்சோம். ஏணியக் கிளையில சாய்க்காம அடிமரத்துல சாய்ச்சுக் கட்டினான். கிளையில கயிறு போட்டு, மேல இருந்த கவட்டை வழியா விட்டு, அடிமரத்துல ஒரு சுத்து சுத்திக் கீழ குடுத்தான். பட்டை கிழிஞ்சு அடிமரம் வரைக்கும் வந்துடும்னு வாருக்கு இந்தாண்ட, முதல்ல கிளையோட அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துட்டு, அப்புறம் மேல ரம்பத்த வச்சான். கயித்த நாலு பேராப் புடிங்கன்னு சொன்னான். இவரு யாரையும் கிட்ட விடல. தானே புடிச்சிக்கிட்டாரு.

அந்தக் கயித்தை அவரு கையில பாத்ததும் எனக்குக் கல்லறைத் தோட்டம் ஞாபகம் வந்துச்சு. பாப்பா பெட்டிய எறக்கறப்ப, பெத்த அப்பன்னு ஒரு கயித்தை இவரு கையிலதான் குடுத்தாங்க. அதைக் கீழ போட்டுட்டு வாசல் கேட்டாண்ட போய் முதுகைக் காட்டி நின்னுட்டாரு. இவருக்குப் பதிலா என் தம்பிதான் எறக்கினான். அந்தக் கோவம் எனக்கு ஆறவேயில்ல. அன்னியிலர்ந்து எங்களுக்குள்ள சோறு, தண்ணி, கரண்ட்டு பில்லுன்னுதான் பேச்சு.

கிளை முறிஞ்சு பாரம் மொத்தமும் கயித்துல வந்துச்சு. இவரு பின்னால சாஞ்சு கால ஊனிக்கிட்டாரு. ரோடு காலியாத்தான் இருக்கு, விட்டுடுங்க மாமான்னு ஏணியிலர்ந்து தம்பி சொன்னான். இவரு விடல. ஒரு புடி, அப்புறம் ஒரு புடின்னு கொஞ்சங்கொஞ்சமா எறக்கினாரு. கயிறு உரசி கை தோல் உரியறது எனக்கே தெரிஞ்சுது. எனக்குக் கட்டில்கிட்ட நிக்க முடியல. அவரு பக்கத்துல போயிட்டேன்.

"மெதுவாங்க."

"மெதுவாத்தான் விட்றேன்."

முதல்ல எலை தரையத் தொட்டுச்சு. அப்புறம் கொம்பு. கடைசியில அந்த வாரோட தடிச்ச பக்கம் சத்தமே இல்லாம மண்ணுல படுத்துச்சு. கிளை கீழ வந்த பிறகும் அவரு கயித்தை விடல. நான்தான் வெரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சேன். உள்ளங்கை ரத்தமா இருந்துச்சு. முந்தானையில சுத்தினேன். அவரு கிளையையே பாத்துட்டிருந்தாரு.

"இதுவே இவ்ளோ கனம்," னாரு. "பாப்பா கனமே இருந்திருக்க மாட்டா. நான் புடிச்சிருக்கலாம்."

ஆஸ்பத்திரியிலர்ந்து வர்றப்ப வண்டியில அந்தப் பெட்டி என் மடியிலதான் இருந்துச்சு. எனக்குத் தெரியும். இத்தினி வருஷமா அவரு மேல வச்சிருந்த கோவத்தைத் தேடிப் பாத்தேன், ஒண்ணுமே கெடைக்கல. அந்த எலைக்கு நடுவுலயே ரெண்டு பேரும் ரோட்டுல உக்காந்துட்டோம்.

"ஆமாங்க," ன்னேன். "கனமே இல்ல."