கொட்டாவியா, அழுகையா

பேத்தி வாயைத் திறந்தாள். கொட்டாவியா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை. குனிந்து உள்ளங்கையை அவள் வயிற்றின்மேல் வைத்தார். அதிர்வு இல்லை. கொட்டாவிதான். அவருக்கு மூச்சு வந்தது.

கப்பலில் பம்ப் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதும் இப்படித்தான். அவர் இன்ஜின் ரூம் ஃபிட்டர். மருமகன் கிண்டலாக ‘கேப்டன்’ என்று கூப்பிடுவான். கேப்டன் நிற்கிற மேல்தளத்துக்கு அவர் இரண்டு தடவை போயிருப்பார். இரண்டு தடவையும் ஏ.சி. ரிப்பேர். மற்றபடி பாதி ஆயுள் கப்பலின் அடிவயிற்றில், எண்ணெயோடும் இரைச்சலோடும் போயிற்று. காது எப்போது போயிற்று என்று சொல்ல முடியாது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். கீச்சென்ற சத்தங்கள்தான் ஒவ்வொன்றாக அவரைவிட்டுப் போயிருந்தன. கைக்குழந்தை என்றால் வெறும் கீச்சுதான் என்பது மகள் வீட்டில் வந்து இறங்கிய அன்றைக்குத்தான் உறைத்தது. மகளிடம் சொல்லவில்லை.

மகள் செருப்பை மாட்டிக்கொண்டே பேசினாள். “ஆபீஸ்ல தலையைக் காட்டிட்டு ஓடி வந்துடறேன். பால் குடிச்சிட்டா, தூங்கிடுவா. அழுதா தூக்குங்க, அவ்வளவுதான்.”

“தெரியும்மா. உன்னைத் தூக்கினவன்தானே?”

“என்னை எங்க தூக்கினீங்க? நீங்க வரும்போது நான் ஓடிக்கிட்டிருந்தேன்.” சிரித்தாள். “இவளுக்காவது இங்கயே இருங்க. போதும் கப்பல். நாளைக்குக் கப்பல் மெடிக்கலுக்கு வரலைன்னு ஏஜெண்ட்கிட்ட சொல்லிட்டீங்கல்ல?”

“சொல்லிடறேன்.”

வந்ததிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். இருந்துவிடத்தான் ஆசை. ஆனால் ‘அழுதா தூக்குங்க’ என்று அவள் சர்வசாதாரணமாகச் சொன்னாளே, அதில்தான் எல்லாமே இருந்தது.

கதவு சாத்தியதும் நாற்காலியைத் தொட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். கம்பி இடுக்கில் கையை விட்டுக் குழந்தையின் மார்பில் வைத்தபடி உட்கார்ந்தார். கை மரத்துப்போயிற்று. மறுகைக்கு மாற்றினார். மூக்கு அரித்தது; சொறியவில்லை. குழந்தை அயர்ந்து தூங்கினாள்.

அப்போது பாதத்தில் ஏதோ இடித்தது. தரை வழியாக வந்தது. மகள் போகும்போது போட்டுவிட்டுப் போன வாஷிங் மெஷின். சுற்று சீராக இல்லை. நமக்கென்ன என்று இருந்து பார்த்தார். முடியவில்லை. இப்படி ஒரு இடி காலில் தட்டும்போது உட்கார்ந்திருந்தவன் எவனும் அவருக்குக் கீழே வேலை பார்த்ததில்லை. ஒரு நிமிஷ வேலைதானே என்று எழுந்தார்.

மெஷின் சுவரைவிட்டு ஒரு சாண் நகர்ந்து வந்திருந்தது. ஒரு கால் குட்டை. நிறுத்தினார். நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. சமையலறையிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து விட்டுத் திருகினார். டம்ளரில் தண்ணீர் ஊற்றி மேலே வைத்து மட்டம் பார்த்தார். மறுபடி ஓடவிட்டு உள்ளங்கையை வைத்தார். நூல் பிடித்த மாதிரி ஓடியது. தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். மகள். அவள் இடுப்பில் குழந்தை; முகம் கன்றி, வாய் திறந்தபடி. கொட்டாவி இல்லை. வாசலில் எதிர்வீட்டு அம்மா நின்றிருந்தாள்.

“பெல்லை அடிச்சு அடிச்சு என் விரலே தேஞ்சுபோச்சு சார். குழந்தை வீல் வீல்னு கத்துது, உள்ள ஆள் அரவமே இல்லை. அப்புறம்தான் இவளுக்கு ஃபோன் போட்டேன்.”

“பக்கத்து ரூம்லதானே இருந்தீங்க?” என்றாள் மகள். “காது என்ன செவிடா?”

“மெஷின் ஆடிச்சும்மா. ஒரு கால் குட்டை.”

“மெஷின் ஆடுறது கேக்குது, இவ கத்துறது கேக்கலையா?”

“அதுவும் கேக்கலை. கால்ல தெரிஞ்சுது.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. திரும்பிக்கொண்டு, சிந்தியிருந்த எண்ணெயைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க அவ்வளவு எண்ணெய் இல்லை. நிமிர்ந்தபோது எதிர்வீட்டு அம்மா அவரையும் அவருக்குப் பின்னாலும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினார். முதுகுக்குப் பின்னால் மகள் நின்றிருந்தாள். உதடுகள் அப்போதுதான் மூடின. எத்தனை தடவை கூப்பிட்டுப் பார்த்தாளோ.

எதிர்வீட்டு அம்மா அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

“எவ்வளவு நாளாப்பா?” இப்போது அவர் முகத்துக்கு நேரே நின்று, மெதுவாகக் கேட்டாள்.

“அங்க இன்ஜின் ரூம்ல யாருக்குமே கேக்காதும்மா. எல்லாம் கைஜாடைதான். அங்க நான் நல்லாத்தான் இருக்கேன்.”

அவர் குழந்தைக்குக் கை நீட்டினார். கொடுத்தாள். ஆனால் அடியில் கொடுத்திருந்த தன் கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை அவர் மெடிக்கலுக்குப் போனார். காதுக்கு ஹெட்ஃபோன் மாட்டி, கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன் பட்டனைத் தட்டும்போது அவன் தோள் லேசாக அசையும். ஒவ்வொரு மெடிக்கலிலும் பார்க்கிற தோள்தான். அது அசையும்போதெல்லாம் அழுத்தினார். தேறிவிட்டார். ஏஜெண்ட் சாயங்காலம் டிக்கெட் அனுப்புவதாகச் சொன்னான். வீட்டுக்கு வந்தபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த ஒரு அம்மாவிடம் மகள் பேசிக்கொண்டிருந்தாள். அவர் சாப்பிட்டார். மதியம் மகள் துணி போட்டாள். மெஷின் ஆடவில்லை.