தோளில் விழுந்த மடிப்பு

நம்பாதவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடலாம். கோபமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வராமல் இருந்திருந்தால் நானும் தாண்டித்தான் போயிருப்பேன்.

நான் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். ஓவியம் என் விடுமுறைப் பைத்தியம். மூன்று வருடமாக மாஸ்டரின் வகுப்பில் குடமும் வெங்காயமுமே வரைந்துகொண்டிருந்தேன். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் முகம் வரையப் போய்விட்டார்கள்.

"துணியில ஒரு மடிப்புகூட உங்களுக்கு வரலையே. ஒரே ஒரு ஆள் படம் கொண்டாங்க. அதுவும் சரியில்லன்னா வெங்காயத்தோட நிறுத்திக்கலாம்" என்று மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மனைவி விடுவாளா? "அந்த வெங்காயத்தை என்கிட்ட குடுத்தா சமையலாவது முடியும்!"

அவள் தம்பியைக் கெஞ்சிக் கூத்தாடி நாற்காலியில் உட்காரவைத்தேன். வெள்ளைச் சட்டை. பட்டப்பகல். மனைவி கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

முகம் ஓரளவு வந்தது. சட்டைதான் உயிரை வாங்கியது. அவனுடைய வலது தோளில் துணி பள்ளமாகக் கிடந்தது. சுற்றிலும் சுருக்கங்கள். எழுந்து போய் நீவிவிட்டேன். திரும்பி வந்து தூரிகையை எடுத்தால்... அதே பள்ளம்.

"அசையாதேன்னு எத்தனை தடவை சொல்றது மாப்ளே!"

"நான் எங்க அசைஞ்சேன்? தோள் கனக்குது மாமா. மூட்டையை ஏத்தி வச்ச மாதிரி."

"சாக்கு சொல்லாதே."

மறுபடி நீவினேன். துணி சில்லென்றிருந்தது.

மறுபடி பள்ளம். இந்த முறை என் கண்ணெதிரிலேயே... மெதுவாக... அமுங்கியது.

கிறீச்...

நாற்காலி. அவன் அசையவே இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இருப்பதை இருக்கிறபடியே வரைந்து தொலைப்போம் என்று ஒவ்வொரு சுருக்கத்தையும் அப்படியே தீட்டினேன்.

மறுநாள் மாஸ்டர் படத்தை நெடுநேரம் பார்த்தார். முதல்முறையாக என்னிடம் சிரித்தார்.

"துணி பிரமாதம்! அடுத்த வாரத்துலேர்ந்து முகம் வரையிற வகுப்புக்கு வந்துடுங்க. ஆனா, கையை ஏன் விட்டுட்டீங்க?"

"எந்தக் கை சார்?"

"தோளை அழுத்திட்டிருந்த கை. அழுத்தாம இந்த மடிப்பு விழாதே."

மூன்று வருடம் ஏங்கிய வார்த்தை காதில் ஏறவில்லை. மைத்துனனைத் தேடி ஓடினேன். சட்டையைக் கழற்றச் சொன்னேன்.

தோளின் பின்பக்கம் நான்கு தடங்கள். வரிசையாக, நீலமாகக் கன்றி.

முன்பக்கம் ஒன்று. தடிமனாக.

அவன் பின்னால் நின்று என் கையை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.

முன்னால் வந்தேன். அவன் முகத்துக்கு நேராக நின்று வைத்தேன்...

கச்சிதமாகப் பொருந்தியது.

அப்படியென்றால், அது நின்றது எனக்கும் அவனுக்கும் நடுவில்.

அன்று பகல் முழுவதும் நான் அதன் ஊடாகத்தான் அவனைப் பார்த்திருக்கிறேன்.