காயாத ரப்பர்

ரப்பர்த் தோட்டத்தில் இருபது வருஷம் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவள் நான். ரப்பரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

புந்தோங்கில் நான் தோசை விற்கும் வேனில், கூரைச் சன்னலைச் சுற்றி மழைநீர் ஒழுகியது. மாவுப் பானைகளுக்கு நேர் மேலே. தெலுக் இந்தானில் படகு பழுது பார்க்கும் ஒருவர் சாப்பிட வந்தார். சன்னலைக் கழற்றி, அடியில் கறுப்பாக ஒரு டேப்பை ஒட்டி, மறுபடி முடுக்கிக் கொடுத்தார். படகுக்கும் இதுதானாம், பியூட்டைல் ரப்பராம். விளிம்பில் பிதுங்கியதைக் கிள்ளினேன். மரத்து வெட்டில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பால் போல இழுபட்டது.

நாலு நாளாகியும் அது காயவில்லை. எங்கள் தோட்டத்தில் காயாத ரப்பரை யாரும் வாங்க மாட்டார்கள். ஏமாற்றிவிட்டார் என்று சன்னலைக் கழற்றி, எல்லாவற்றையும் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடி மாட்டினேன். அன்றைய மழையில் இரண்டு பானை மாவும் வீணானது. மறுநாள் கடை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார்.

“டேப்பு எங்கேக்கா?”

“காயல தம்பி, பிச்சுப் போட்டேன்.”

“அய்யோ, அது காயவே கூடாதுலா! காஞ்சா வேன் குலுங்குறப்ப வெடிச்சிரும். மெத்துன்னு இருந்தாத்தான் தண்ணி பூராது.”

“முன்னமே சொல்றதுக்கென்ன?”

“சொல்ல வந்தேன். ‘ரப்பர்லயே பொறந்தவ நான்’னு வாய அடைச்சிட்டீங்க!”

மறுபடி ஒட்டினார். இந்த முறை பக்கத்திலேயே நின்று, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

இப்போதும் காலையில் அந்த விளிம்பை விரலால் அழுத்திப் பார்ப்பேன். இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது. மாவுப் பானைகளை நான் இடம் மாற்றவில்லை.