சந்திவரை வந்தவள்

ஆக்லாந்தின் போர் நினைவு அணிவகுப்பில் ஆளில்லாத வெறும் சேணத்தோடு நின்ற குதிரையின் வியர்வை மணம் என்னை யாழ்ப்பாணத்து மாட்டுக்கொட்டிலுக்கு இழுத்துப்போனது. ஊரே ஷெல் குண்டுகளுக்குப் பயந்து இடம்பெயர்ந்த காலையில், அப்பா எங்கள் பசு லட்சுமியை அவிழ்த்துவிட்டார். கறக்காத மடி கனத்து ஆட, அவள் எங்கள் சைக்கிளுக்குப் பின்னாலேயே சந்திவரை வந்தாள். அப்பா கல்லெடுத்து எறிந்தார். அது நெற்றியில் பட்டது. அவள் அசையாமல் நின்று எங்களையே பார்த்தாள்.

குதிரையைப் பிடித்திருந்த பெண் சொன்னதை, பக்கத்தில் நின்ற அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். “இந்த நாட்டிலயிருந்து முதலாம் உலகப்போருக்குத் தாங்களாகவே போன குதிரைப்படை ஆக்கள், அப்பா. திரும்பேக்க குதிரையளைக் கப்பலில ஏத்த விடேல்லையாம். ஆரெண்டு தெரியாதவையிட்ட விட்டிட்டு வர மனமில்லாமல் தாங்களே சுட்டுப்போட்டு வந்தவையாம்.”

அப்பா குதிரையின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார்.

“ஓம்,” என்றார். “அவைக்கு அந்தத் துணிவு இருந்திருக்கு.”