மரக்கட்டை இல்லாத பெட்டி

துளை போட்டு எடுத்த பாறைத் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கும்போது, எந்த ஆழத்தில் எதுவும் கிடைக்கவில்லையோ அங்கே அதே நீளத்துக்கு மரக்கட்டை வைக்க வேண்டும். இதுதான் விதி. ஓய்வு பெறும்வரை இப்படிப்பட்ட பெட்டிகளைப் பார்த்துப் பதிவு எழுதுவதுதான் என் பிழைப்பு.

செஞ்சியில் என் தங்கை வீட்டுச் சுவரை ஒட்டி மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்ட முடிவு செய்து, அஸ்திவாரத்துக்குத் துளை போட்டார்கள். பார்க்கப் போனேன். பெட்டியில் கருங்கல் துண்டுகள் பிஸ்கட் பாக்கெட் மாதிரி இடைவெளியே இல்லாமல் இருந்தன. அடுத்தடுத்த இரண்டு துண்டுகளை எடுத்துச் சேர்த்து வைத்தேன். பொருந்தவில்லை. ஒன்றின் முனை பழுப்பேறி, தேய்த்தால் உதிர்ந்தது. மேலே இருந்தது மண்ணில் தனியாகப் புதைந்து கிடந்த வெறும் குண்டுக்கல். அதற்கும் அடிப்பாறைக்கும் நடுவில் இருந்த மண், துளை போடும்போது தண்ணீரோடு கரைந்து போயிருக்கிறது.

"இங்க கட்டை வைக்கலியாப்பா?" என்று துளை போட்ட மேஸ்திரியைக் கேட்டேன்.

"வச்சேன் சார். ஆபிசர் வர்றாருன்னாங்க. நடுவுல நடுவுல பல்லு போன மாதிரி இருந்துது. எடுத்துட்டு நெருக்கி அடுக்கிட்டேன். இப்ப பாருங்க, எப்டி கீது!"

அழகாகத்தான் இருந்தது. அந்த அழகை நம்பி, 'தொடர் பாறை' என்று பதிவில் எழுதியிருந்தார் பொறியாளர். அவரிடம் போனேன்.

"கோட்டையே பாறை மேல நிக்குது. செஞ்சியில பாறை இல்லன்னு சொல்ற ஒரே ஆளு நீங்கதான் சார்" என்று சிரித்தார்.

"கோட்டை கட்டினவன் பாறையைப் பார்த்துக் கட்டினான். நீங்க பெட்டியைப் பார்த்துக் கட்டுறீங்க."

டீ வரவழைத்தார். "ரிட்டையர் ஆயிட்டீங்க, எதுக்கு டென்ஷன்?"

பக்கத்தில் இன்னொரு துளை போடச் சொல்லி மனு கொடுத்தேன். நினைவூட்டினேன். மேலதிகாரிக்கும் எழுதினேன். எந்தத் தாள் எந்த மேஜையில் தூங்கும் என்பதுவரை எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? மனு நகரவில்லை, தூண்கள் எழும்பின.

"இன்னாண்ணா, உன் படிப்பு ஒரு துளைக்குக்கூட உதவலியே" என்றாள் தங்கை. பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு.

சோதனைக்குத் தண்ணீர் ஏற்றியபோது ஒரு தூண் இறங்கி, தொட்டி அவள் மொட்டைமாடிப் பக்கம் சாய்ந்தது. தண்ணீரை அவசரமாக வெளியேற்றி, தெருவில் கயிறு கட்டி, வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மறுநாள் அவள் பாத்திரம் பண்டங்களோடு ஆட்டோவில் என் வாசலில் இறங்கிக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்தார். 'பணி தொடங்கும் முன் மறுதுளையிட்டு உறுதி செய்யப்படும்' என்று என் மனுவுக்குப் பதில். அன்று ஆடி பதினெட்டு, எதையும் தொடங்க நல்ல நாள்.